பேப்பர்ல இல்லாத வார்த்தை

நீங்க என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. ஆனா கேட்டிருப்பீங்க. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு தடவை வந்து போயிருந்தாக்கூடக் கேட்டிருப்பீங்க. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியா, கோயில் திருவிழாவா, ஓட்டுக் கேக்குறதா, எழவு சொல்றதா, எல்லாம் இந்தத் தொண்டைதான். மைக் அருணகிரின்னா அங்க எல்லாருக்கும் தெரியும். மைக்கே வேண்டாங்க. பஸ் ஸ்டாண்டுல இந்தக் கோடியில நின்னு ஒரு பேரைச் சொன்னேன்னா அந்தக் கோடியில இருக்குற ஆள் திரும்பிப் பாக்கும். பெருமைக்குச் சொல்லல. முப்பத்திரண்டு வருஷப் பொழப்பு.

ஜன்னலோரம் நான் உக்காந்துக்கட்டுமா? கோவிச்சுக்காதீங்க. கரூர்ல எனக்காக ஒரு ஆள் நிக்கிறதாப் பேச்சு. பஸ் உள்ள நுழையறப்பவே பாத்துரணும். இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறேன், நசுங்கிறக் கூடாது. வாசம் வருதா? மரிக்கொழுந்து. காலையில மார்க்கெட்டுல போய் நானே பாத்து வாங்குனேன்.

உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கணும். முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டக் கேக்கலாமான்னு தெரியல. தெரிஞ்சவங்ககிட்டக் கேக்க வழியில்ல, அதான். கரூருக்கு எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நான் பேசிக்கிட்டேதான் வருவேன், என் வாய் சும்மா இருக்காது. என் பிள்ளையைப் பத்தித்தான் பேசுவேன். அப்படிப் பேசறப்ப 'அவன்'னு வந்துச்சுன்னா என் முழங்கையில ஒரு தட்டு தட்டுங்க. 'மகன்'னு வந்தாலும் தட்டுங்க. 'டா' போட்டாலும் தட்டுங்க. சிரிக்காதீங்க. ஒரு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு வர்றேன். கண்ணாடி தட்ட மாட்டேங்குது.

எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்க அப்பா பேரை வச்சேன், கதிரேசன்னு. இப்ப அந்தப் பேர் இல்ல. வெறும் கதிர். பாதியை வெட்டிருச்சு. இருபத்தேழு வயசு. கரூர்ல பெட்ஷீட் ஏத்துமதி பண்ற கம்பெனி ஒண்ணுல பூப் போடுற வேலை. கம்ப்யூட்டர்லதான். நல்ல கைங்க. எங்க ஊர்ல அப்படி வரையறதுக்கு ஆள் கெடையாது. அவன் அஞ்சாவது படிக்கறப்பவே...

ஆ. சரி, சரி. நல்லா சுருக்குன்னு தட்டுறீங்க. அப்படித்தான் தட்டணும். பிள்ளை அஞ்சாவது படிக்கறப்பவே செவுரு பூராம் வரைஞ்சு வைக்கும்.

சுத்தி வளைக்காமச் சொல்லிர்றேன். மூணு வருஷம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை, அடுப்புல கறி வெந்துக்கிட்டு இருக்கு. பிள்ளை வந்து அடுப்படியில எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துச்சு. "அப்பா, நான் ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. நான் கதிர், அவ்வளவுதான். அவன், மகன், வாடா போடா இதெல்லாம் இனிமே வேண்டாம்பா. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னாடி நிக்கிற வேற யாரையோ கூப்புடுற மாதிரி இருக்கு"ன்னுச்சு.

"அப்ப ஊருக்கு நான் என்னன்னு சொல்றது?"ன்னு கேட்டேன்.

"பிள்ளைன்னு சொல்லுங்கப்பா. அதுல பொய் ஒண்ணும் இல்லயே."

என் சம்சாரம் பாக்கியம், முழுப்பேர் தனபாக்கியம், அவ கரண்டியில ஒரு துண்டு எடுத்து நீட்டி, "கண்ணு, உப்பு போதுமா பாரு"ன்னா. அவ்வளவுதாங்க அவ சொன்னது. அவளுக்கு என்ன வந்துச்சு? பெத்த நாள்லருந்து கண்ணுன்னுதான் கூப்புட்டா. அவ எதையும் மாத்த வேண்டி இருக்கல. நான்தான ராசா, சிங்கம், டேய் பயலேன்னு தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவன்.

அன்னைக்கு நான் சாப்புடாம எந்திரிச்சுட்டேன். நல்ல கறி.

அப்பறம் ராத்திரி பாக்கியம்தான் ஞாபகப்படுத்துனா. பிள்ளைக்குப் பதிமூணு, பதினாலு வயசு இருக்கும். மாரியம்மன் கோயில்ல அன்னதானம். நான் மைக்குல, "ஆண்கள் எல்லாம் இடதுபக்க வரிசை, பெண்கள் எல்லாம் வலதுபக்க வரிசை, வரிசை மாறி நிக்காதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். செருப்பு விடுற எடத்துல நின்னுக்கிட்டு என் பிள்ளை என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு. நான் மைக்குலயே, "டேய் கதிரேசா, வரிசைக்கு வாடா"ன்னு கூப்புட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்குப் பிள்ளை சாப்புடாமலே வீட்டுக்குப் போயிருச்சாம். பாக்கியம் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் பத்து வருஷம் கழிச்சு. எங்கிட்ட யாரும் சொல்லல. வந்து சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா விரட்டப் போறேன்?

இருங்க, இப்ப நான் 'டேய்'னு சொன்னது கணக்கு இல்ல. அது அப்ப சொன்னதைச் சொன்னேன். சரி, தட்டுனது தட்டுனதா இருக்கட்டும்.

நீங்க என்னை மோசமான ஆளா நெனச்சுக்கக் கூடாது. நான் முயற்சி பண்ணுனேங்க. பேரை மட்டும் சொல்லிப் பாத்தேன். 'கதிர் வந்தாங்களா, கதிர் சாப்டாங்களா'ன்னு பாக்கியத்துக்கிட்டக் கேட்டுப் பாத்தேன். நாக்கு கூசுது. பெத்த பிள்ளையைப் போய் யாராவது 'வந்தாங்க'ன்னு சொல்லுவாங்களா? அது ஊரான் வீட்டு ஆளுகளுக்குச் சொல்றது. இப்ப உங்ககிட்டப் பேசுறேன், நீங்க நாங்கன்னு எம்புட்டுச் சுளுவா வருது பாருங்க. உங்க பேர்கூட எனக்குத் தெரியாது.

அந்தக் கறி வெந்த ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு மாசம் கழிச்சு, எங்க ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்துல எனக்கு ஒரு சால்வை போத்துனாங்க. முப்பது வருஷம் முடிஞ்சதுக்கு. பிள்ளை லீவு போட்டுட்டு வந்துச்சு. ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் எப்பவும் 'அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே'ன்னுதான் எடுப்பேன். பிள்ளை மைக்கைப் பிடிச்சு, "இங்க வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம்"னுச்சு. சாதாரண வார்த்தைதான். ஆனா அதுல யாரும் விட்டுப்போகல பாத்தீங்களா? டீ ஊத்திக்கிட்டு இருந்த ஆள்கூட நிமுந்து பாத்து வணக்கம் சொல்லுச்சு. "எங்க அப்பா குரல் இல்லாம இந்த ஊர்ல ஒரு கல்யாணம் நடந்ததில்ல, ஒரு சாவு போனதில்ல. தொட்டில்ல கேட்ட முதல் சத்தமே எனக்கு அதான்"னு சொல்லுச்சு. கை தட்டுனாங்க பாருங்க. என் குரல்தாங்க அது, என் தொண்டைதான். ஆனா என்னைவிட நிதானம்.

எனக்குப் பெருமை தாங்கல. அதான் என் வியாதியே. கோவத்துல இருந்தா யோசிச்சுப் பேசுவேன். சந்தோஷம் வந்துட்டா வாய் என் பேச்சைக் கேக்காது. ஓடிப்போய் மைக்கை வாங்கி, பிள்ளை தோள்ல கையைப் போட்டு, "பாத்துக்கங்க ஊராரே, இதான் என் மகன்! ஆம்பளச் சிங்கம்! கதிரேசன்!"னு கத்திட்டேன். மூணு தெருவுக்கு ஹாரன் கட்டியிருந்தோம்.

பிள்ளை தோள்ல இருந்த என் கையை எடுத்து, மெதுவாத்தான் எடுத்துச்சு, கீழ விட்டுட்டு, சால்வை நழுவியிருந்ததைச் சரி பண்ணிவிட்டுட்டு, மேடையை விட்டு எறங்கிப் போயிருச்சு. நேரா பஸ் ஸ்டாண்டு. அதுக்கப்பறம் என் வீட்டு வாசப்படி மிதிக்கல. மாசத்துக்கு ஒரு தடவை பாக்கியம்தான் கரூர் போய்ப் பாத்துட்டு வருவா. பணியாரம் சுட்டுக்கிட்டுப் போவா. நான் கேக்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டா. ஒரு தடவை பிள்ளையும் அவளும் சேந்து எடுத்த போட்டோவை ஃபிரேம் போட்டு மாட்டுனா. நான் அதுக்கு முன்னாடி காலண்டரைத் தொங்கவிட்டேன்.

அரவக்குறிச்சி தாண்டிருச்சா? அப்ப வேகமாச் சொல்லணும்.

பாக்கியத்துக்குக் கிட்னி போயிருச்சு. திண்டுக்கல்ல வச்சிருந்தப்ப ஒரு நாள் சொன்னா, "நான் போயிட்டா நீங்கதான ஊருக்குச் சொல்லணும். அப்ப பிள்ளை தனக்கு என்ன பேர் வச்சிருக்கோ அந்தப் பேரைச் சொல்லுங்க." நான், "வாயைக் கழுவு, நல்ல பேச்சாப் பேசு"ன்னேன். சரின்னு சொல்லல. இப்ப யோசிச்சுப் பாத்தா, சொல்லலங்க.

இந்த எழவு சொல்றது இருக்கே, முன்ன மாதிரி நாள் பூராம் ஆட்டோவுல உக்காந்து தொண்டை கட்டக் கத்துறது இல்ல இப்ப. காலையில ஒரு தடவை போன்ல பேசிப் பதிவு பண்ணிப் பென்டிரைவுல ஏத்தி விட்டுட்டா, அது பாட்டுக்கு ஆட்டோவுல திரும்பத் திரும்ப ஓடும். பீர்முகமதுன்னு பக்கத்து ஊர்க்காரர், அவர்தான் ஆட்டோ ஓட்டுறது. பாக்கியம் விடிகாலையில போனா. ஏழு மணிக்கு நான் பதிவு பண்ணி முடிச்சுட்டேன். என் பொண்டாட்டி சாவை நான்தான் சொன்னேன். வேற யார் சொல்லியிருந்தாலும் அவளுக்குப் பிடிச்சிருக்காது. அழுகாமச் சொன்னேன். ஒரே மூச்சுல.

என் மச்சினன் சென்றாயன் பேப்பர்ல எழுதிக் குடுத்தான், நான் படிச்சேன். பேப்பர்ல இருந்ததைத்தான் படிச்சேன்.

கதிருக்கும் சென்றாயனை விட்டுத்தான் போன் போடச் சொன்னேன். 'வர்றேன் மாமா'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சாம். நாலு மணிக்கு எடுக்கணும். சொந்தம் பூராம் வந்தாச்சு. நாலு ஆச்சு, அவன் வரல. நாலரை. தெரு முனையைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன், அவன் வரல. இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்னு எல்லார் கால்லயும் விழாத கொறை. அஞ்சரைக்கு மேல தாங்காதுன்னுட்டாங்க. பெத்தவளுக்குக் கொள்ளி வைக்க அவன் வரலங்க. நான்தான் வச்சேன். கட்டுனவன் கையால. சுடுகாட்டுலயே சொன்னேன், எனக்குப் பிள்ளையே கெடையாது, அவனும் அவளோட போயிட்டான்னு. சத்தமாத்தான் சொன்னேன்.

பத்து மாசம் அந்தக் கோவத்துலயே இருந்தேன். சோறு தின்னா அந்தக் கோவத்தோடதான் தின்னேன்.

போன மாசம் பீர்முகமது வீட்டுக்கு வந்தாரு, ஒரு கடை விளம்பரம் விஷயமா. அன்னைக்குக் காலண்டர் ஆணியோட கழண்டு விழுந்து கெடந்துச்சு. போட்டோவைப் பாத்துட்டு மனுசன் அப்படியே நின்னுட்டாரு.

"அண்ணே, அக்கா பக்கத்துல இருக்குறது யாரு?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"அக்கா தவறுன அன்னைக்கு இவங்க பஸ் ஸ்டாண்டுல இருந்தாங்கண்ணே. மதியம் பன்னெண்டு இருக்கும். பெஞ்சுல பையோட உக்காந்திருந்தாங்க. நான் ஊரைச் சுத்தி மூணு தடவை வந்தேன், மூணு தடவையும் அங்கயே இருந்தாங்க. கடைசியில ஆட்டோவை நிப்பாட்டி, 'இதை இப்படிச் சொல்லிப் பதிவு பண்ணுனது அவங்க வீட்டுக்காரரேதானா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு, மாலையை எங்கிட்டக் குடுத்து, 'அம்மா கால்மாட்டுல வச்சுருங்க பாய்'னாங்க. கரூர் பஸ் ஏறிப் போயிட்டாங்க. யாரோ தூரத்துச் சொந்தம்னு நெனச்சேண்ணே."

மரிக்கொழுந்து மாலைங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. யார் கொண்டாந்ததுன்னு தெரியல, நல்லா இருக்கேன்னு நானே வாங்கி அவ நெஞ்சு மேல போட்டேன். பாக்கியத்துக்கு மரிக்கொழுந்துன்னா உசுரு. வாசத்தை வச்சே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

வந்திருக்குங்க. என் பிள்ளை வந்திருக்கு. அம்மா சாவுக்கு ஓடி வந்து, பஸ்ஸை விட்டு எறங்கி, அந்த பெஞ்சுல உக்காந்து என் குரலைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. மூணு தடவை. நாலாவது தடவையாவது மாறும்னு நெனச்சிருக்குமோ என்னவோ. பென்டிரைவு மாறாதே.

இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. எழவு சொல்றதுக்குன்னு ஒரு வாய்ப்பாடு இருக்கு. 'இன்னார் அவர்களின் மனைவியும், இன்னார் அவர்களின் தாயாருமாகிய இன்னார் அவர்கள்.' அவ்வளவுதான். அதுல மகனா மகளான்னு ஒரு பேச்சும் வராது. கூலிவேலை பாத்தவங்களுக்கும் அவர்கள்தான், மில்லு வச்சிருந்தவங்களுக்கும் அவர்கள்தான். முப்பத்திரண்டு வருஷமா ஊர்ல செத்த அத்தனை பேருக்கும் அதைத்தான் சொன்னேன். சென்றாயன் எழுதிக் குடுத்த பேப்பர்லயும் அதான் இருந்துச்சு. 'கதிர் அவர்களின் தாயாருமாகிய'ன்னு. பாக்கியம் தன் தம்பிகிட்டயும் சொல்லி வச்சிருந்தா போல. கதிர்னுதான் எழுதியிருந்தான்.

நான்தாங்க சேத்தேன். சொந்தக்காரங்க சுத்தி நின்னாங்க. என் பொண்டாட்டி உள்ள கெடக்குறா, நாளைக்கு இந்த ஆளுக மகன் எங்க மகன் எங்கன்னு கேப்பாங்களேன்னு ஒரு இது. பேப்பரைக் கையில வச்சுக்கிட்டே, 'எனது ஒரே ஆண் வாரிசு, அருமை மகன் கதிரேசனின் தாயாருமாகிய'ன்னு பேசுனேன். யாருக்கும் சேக்காததை என் பிள்ளைக்கு மட்டும் சேத்தேன். செத்தவங்களுக்கெல்லாம் கேட்டதைக் குடுத்தேன். உசுரோட இருக்குற ஒரு பிள்ளை கேட்டதை என்னால குடுக்க முடியல.

அன்னைக்கே பீர் போன்ல இருந்து கூப்புட்டேன். என் நம்பர்னா எடுக்க மாட்டான். எடுத்தான். நான் அழுதுக்கிட்டே இருந்தேன். அவன்தான் பேசுனான். "கரூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நாள் வாங்க. ஒரு டீ குடிக்கிற நேரம் வர்றேன். எனக்கும் உங்களைப் பாக்கணும்பா. ஆனா அந்தப் பேரு, அவன், டா, எதாவது ஒண்ணு வந்தாக்கூட எந்திரிச்சுப் போயிருவேன். அப்பறம் கூப்புடாதீங்க. என்னால திரும்பத் திரும்ப முடியலப்பா"ன்னான். கோவமாச் சொல்லல, அதான் எனக்குப் பயமா இருக்கு. அடுத்த வாரம் பாக்கியத்துக்கு வருஷத் திதி. அதுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரணும். அந்த ஒரு டீயை ஒழுங்காக் குடிச்சுட்டேன்னா கூட்டிட்டு வந்துருவேன்.

ஏங்க, நீங்க தட்டி ரொம்ப நேரம் ஆச்சே. நல்லா வந்துருச்சோ எனக்கு?

என்ன, கீழ குனிஞ்சுக்கிறீங்க. சொன்னேனா? சுடுகாட்டுக்கிட்டயா? போன் பேசுனதுலயுமா? எத்தனை தடவை? ஏங்க, பாவம்னு விட்டுட்டீங்களா? பாவம் பாக்காதீங்கன்னுதான உங்ககிட்டக் கேட்டேன். தெரிஞ்சவங்க எல்லாரும் இத்தனை வருஷம் அப்படித்தான விட்டாங்க.

சரி, விடுங்க. உங்க மேல தப்பு இல்ல. இனிமே பேசல. வாயைக் கட்டிக்கிறேன். எறங்குனதும் 'கண்ணு'ன்னு கூப்புடணும். பாக்கியம் கூப்புட்ட மாதிரி. கண்ணு, நல்லா இருக்கியா. கண்ணு, டீ சொல்லவா. கண்ணு, அப்பா தப்புப் பண்ணிட்டேன். கண்ணு. கண்ணு. கண்ணு.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. கொஞ்சம் ஒதுங்குங்க, இந்தப் பக்கம் வரிசையா பஸ் நிக்குது. டீக்கடைகிட்டத்தான் வரச் சொன்னது. அது இல்ல. அதுவும் இல்ல. வரலயோ? மணி என்ன? வராமப் போயிருமோ?

அதோ. அந்தக் கோடியில, தூண் பக்கத்துல. நீலச் சட்டை. முடி கழுத்து வரைக்கும் வளந்திருக்கு. பாத்தீங்களா, ஒரு கால்ல சாஞ்சு அவங்க அம்மா நிக்கிற மாதிரியே நிக்கிறதை. எளைச்சுப் போச்சு. கையில என்ன, பூவா? அதுவும் மரிக்கொழுந்துதாங்க! எனக்காக வந்திருக்குங்க, வந்துருச்சு, என் பிள்ளை வந்துருச்சு!

டேய் கதிரேசா! இங்கடா! அப்பா இங்க இருக்கேன்டா, ராசா!

ஐயோ.

தட்டுறதுக்குக்கூட உங்களுக்கு நான் நேரம் குடுக்கலயே.

கேட்டிருக்காதுங்க. பின்னாடி பஸ்ஸுக்காரர் ஹாரன் அடிச்சாருல்ல? இம்புட்டு எரைச்சல்ல எப்படிக் கேக்கும்? அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் எம்புட்டுத் தூரம். சொல்லுங்க, என் குரல் அம்புட்டுத் தூரம் போயிருக்காதுல்ல? எனக்குக் கண்ணு மறைக்குது, நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அந்தத் தூண்கிட்ட இன்னும் நிக்கிறாங்களா?